தட்டில் கண்ட செந்நீர்

பிரெஞ்சுக்காரர் மாட்டிறைச்சித் துண்டத்தை இரும்புச் சட்டியில் வாட்டி உண்பதில் ஒவ்வொரு பதத்திற்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். மேற்புறம் மட்டும் சூடுபட்டு, உள்ளே ஏறக்குறையப் பச்சையாகவே இருப்பது 'ப்ளோ'. நீலம் என்பது அதன் பொருள். நடுவில் இளஞ்சிவப்பு எஞ்சியிருப்பது 'அ புவான்'. முற்றும் வெந்தது 'பியான் குயி'. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே, அந்நாட்டவர் பலர் விரும்பிக் கேட்டு உண்ணும் பதம் ஒன்றுண்டு. அதன் பெயர் 'செஞ்ஞான்'. 'இரத்தம் வடிவது' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள்.

முஸ்லிமின் செவியில் இச்சொல் எவ்வாறு விழும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடும் இரத்தம் நமக்கு விலக்கப்பட்டது. அறுக்கும்போது இறைவன் திருப்பெயர் கூறுவதும், குருதியை முற்றும் வடியவிடுவதும், வீட்டிற்கு வந்த இறைச்சியை நீர் தெளியும்வரை அலசுவதும் நம் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவரும் ஒழுக்கங்கள். அப்படியிருக்க, 'இரத்தம் வடிவது' என்ற பெயருடன் ஓர் உணவு தட்டில் வந்து அமர்ந்தால் கை பின்வாங்குவது இயல்பே. பிரான்சில் குடியேறிய எம் போன்றோரின் இல்லங்களில் பெற்றோர் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்பதற்கு இந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. அச்சொல் உண்மையைத்தான் சொல்லுகிறதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காரைக்கால்காரருக்கும் இவ்வுணவிற்கும் உள்ள அறிமுகம் நேற்று உண்டானதன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எம் பகுதி முஸ்லிம்கள் பலர் வாணிபத்தின் பொருட்டு இந்தோசீனாவின் சைகோன் நகருக்குச் சென்று வாழ்ந்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கு எழுப்பிய பள்ளிவாசல், ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிவிட்ட அவ்வூரின் நடுவே இன்றும் நிற்கிறது. என் வாப்பா அந்நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். ஆங்கிலேயரின் 'பீஃப் ஸ்டேக்' பிரெஞ்சுக்காரர் வாயில் 'பிஃப்தெக்' ஆயிற்று. அது வியட்நாமியர் வாயில் 'பித்தெத்' ஆயிற்று. மாலை வேளைகளில் உணவகங்களின் வழியே நடந்துவரும்போது வெண்ணெயும் பூண்டும் கலந்த அந்தப் பித்தெத்தின் மணம் தெருவெல்லாம் கமழும் என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எவ்வாறு அறுத்தது என்று தெரியாததால் அவர் அதனைத் தொட்டதில்லை.

1954 நவம்பர் 1ஆம் நாள் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. அவ்வேளையில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அதன் பயனாக 1979இல் வேலை தேடிப் பாரிஸ் வந்து சேர்ந்தேன். வாப்பாவுக்கு வாய்க்காத வசதி ஒன்று எனக்கு அங்கே வாய்த்தது. நகரின் வடபகுதியில், பார்பெஸ் வட்டாரத்தில், வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள் நடத்தும் ஹலால் இறைச்சிக் கடைகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்றின் உரிமையாளரான அல்ஜீரியப் பெரியவரிடமே இத்துண்டத்தைத் தேர்வு செய்யவும் வாட்டவும் கற்றுக்கொண்டேன். பின்னர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவிக்கு அடுப்படியிலிருந்து ஓய்வு கிடைக்கலாயிற்று.

1989ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் உம்மா எங்களுடன் மூன்று மாதம் தங்குவதற்காக வந்திருந்தார். ஒரு ஞாயிறன்று இவ்வுணவைச் சமைத்தேன். துண்டத்தைக் கத்தியால் பிளந்ததும் தட்டில் சிவந்த நீர் கசிந்தது. உம்மா அதனை உற்றுநோக்கி, "இது ரத்தமில்லையா, வாப்பா?" என்று கேட்டார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் பிள்ளைகள் சிரித்தனர். அந்தச் சிரிப்பு உம்மாவைப் புண்படுத்தியதை நான் கண்டேன். அவர் தட்டை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, தயிரும் சோறும் போதும் என்று சொல்லிவிட்டார்.

சிரித்த பிள்ளைகளிடம், "இரத்தம் இல்லையென்றால் அது என்ன?" என்று கேட்டேன். இருவருக்கும் விடை தெரியவில்லை. பாட்டியிடம் கேள்வியாவது இருந்தது. பேரப்பிள்ளைகளிடம் அதுவும் இல்லை. மறுநாள் அவர்களை நகர நூலகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கே நாங்கள் படித்தறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

உடலில் சிவப்பு நிறம் தரும் பொருள்கள் இரண்டு உண்டு. குருதியில் ஓடி, நுரையீரலிலிருந்து உயிர்வளியைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். தசைக்குள்ளேயே தங்கி, அந்த உயிர்வளியை வாங்கிச் சேமித்து வைப்பது மயோகுளோபின். இரண்டும் இரும்புச் சத்து கொண்ட புரதங்கள், இரண்டும் சிவப்பு, ஆயினும் வெவ்வேறானவை. முன்னதை ஊர் ஊராகச் சுமை கொண்டு செல்லும் வண்டி என்றால், பின்னதை வீட்டிற்குள் இருக்கும் நெற்குதிர் எனலாம். கேம்பிரிட்ஜில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இருவர் இவற்றின் அமைப்பைக் கண்டறிந்தனர். ஜான் கெண்ட்ரூ மயோகுளோபினின் வடிவத்தை 1958இல் வெளியிட்டார். மாக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினை ஆராய்ந்தார். 1962இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

கெண்ட்ரூ தமது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது திமிங்கிலத்தின் தசை. நெடுநேரம் மூச்சடக்கிக் கடலடியில் உலாவும் அவ்வுயிரின் தசையில் இப்பொருள் மிகுதியாகச் சேர்ந்திருக்கிறது. ஓயாது உழைக்கும் தசையில் இது மிகும். உழைக்காத தசையில் குறையும். கோழியின் தொடை கறுத்தும் நெஞ்சு வெளுத்தும் இருப்பதை நம் அடுக்களையிலேயே காண்கிறோம். நடப்பதற்குப் பயன்படும் தொடைக்கு இப்பொருள் வேண்டும். வீட்டுக் கோழி பறப்பதில்லையாதலால் நெஞ்சிற்கு அவ்வளவாக வேண்டியதில்லை. மாட்டின் தசையில் இது கோழியைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம்.

முறைப்படி அறுத்த பிராணியின் குருதியில் பெரும்பகுதி அறுத்த இடத்திலேயே வடிந்துவிடுகிறது. தசையினுள் எஞ்சுவது மிகச் சிறிதளவே. மாட்டிறைச்சியின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நீர். சூடு பட்டுத் தசைநார் சுருங்கும்போது அந்நீர் வெளியேறுகிறது. வெளியேறும்போது மயோகுளோபினையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தட்டில் நாம் காணும் செந்நீர் அதுவே. உண்மையான குருதியாயின் அது சற்று நேரத்தில் உறைந்து கட்டியாகும். இச்செந்நீரோ எத்தனை நேரமாயினும் நீராகவே இருக்கும். சூடு ஏறக்குறைய 60 பாகையைத் தாண்டும்போது அதன் சிவப்பு மங்கத் தொடங்கி, 70ஐக் கடந்தால் பழுப்பாகிவிடுகிறது. ஆதலின் 'செஞ்ஞான்' என்ற பெயர் கண்ணுக்குத் தோன்றியதைச் சொல்லுகிறதேயன்றிப் பொருளின் உண்மையைச் சொல்லவில்லை.

திருமறையின் ஆறாவது அத்தியாயத்தின் 145ஆவது வசனம் விலக்குவது வெளியே ஓடும் இரத்தத்தையே. முறையாக அறுத்தபின் தசையிலும் நாளங்களிலும் எஞ்சுவது மன்னிக்கப்பட்டது என்பதே மார்க்கச் சட்ட அறிஞர்கள் உரைத்துவந்த கருத்து. இறைச்சி வேகும் பானையின் மேல் படரும் செந்நுரையைக் குறித்து முற்காலத்திலேயே பேசியிருக்கிறார்கள் என்பதை அல்ஜீரியப் பெரியவர்தாம் எனக்கு முதலில் எடுத்துரைத்தார்.

இவ்வளவையும் பிள்ளைகளே தங்கள் பாட்டியிடம் விளக்கினர். உம்மா பொறுமையுடன் கேட்டார். பிறகு, "ரத்தமில்லைன்னு இப்ப விளங்குது. ஆனா மனசு ஒப்பணுமே" என்றார். அந்த விடையில் குறை காண எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பொருள் ஆகுமானது என்று அறிவது வேறு. அதனை உண்ண மனம் இசைவது வேறு. முன்னதை நூலைக் கொண்டு நிறுவலாம். பின்னதை எவரும் எவர்மீதும் திணிக்க இயலாது. எனவே அடுத்த ஞாயிறன்று இரண்டு மனங்களுக்கும் ஏற்ற முறையில் சமைத்தேன். அம்முறையைச் சகோதரிகள் அறிந்துகொள்ளும் பொருட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, துண்டத்தைத் தேர்ந்தெடுத்தல். முதுகெலும்பை ஒட்டிய பகுதிகள் அதிகம் உழைக்காதவை, ஆகவே மென்மையானவை. விலா எலும்பை ஒட்டி வெட்டப்பெறும் 'ஆந்த்ரகோத்' எனும் பகுதியில் கொழுப்பு மெல்லிய கோடுகளாக ஊடோடியிருக்கும், அதுவே ருசியுடையது. மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள துண்டமாக வாங்குதல் வேண்டும். மெல்லிய துண்டமாயின் வெளியே சிவக்குமுன் உள்ளே வறண்டுவிடும்.

இரண்டாவது, உப்பும் ஈரமும். உப்பு இட்டவுடன் இறைச்சி நீர் விடும்; அரை மணிக்கு மேலாக விட்டால் அந்நீர் உப்புடன் மீண்டும் உள்ளே சென்றுவிடும். ஆகவே முக்கால் மணி நேரம் முன்னதாக உப்பிடுக. இயலாவிடில் சட்டியில் இடும் தறுவாயில் இடுக. இடைப்பட்ட நேரத்தில் இடுவதே தவறு. எதுவாயினும் சட்டியில் போடுமுன் தூய துணியால் மேற்புறத்தை நன்கு துடைத்து உலர்த்துதல் இன்றியமையாதது. நீர் இருக்கும்வரை அவ்விடத்தின் சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து மணப்பதற்கோ 140 பாகை அளவிலான சூடு வேண்டும். புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறமும் மணமும் பிறக்கும் இவ்விளைவை லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலார் 1912இல் விளக்கினார். நம் வெங்காயம் பொன்னிறமாவதிலும் ரொட்டி சிவப்பதிலும் இதே விளைவிற்குப் பங்குண்டு.

மூன்றாவது, சட்டி. கனமான இரும்புச் சட்டியை நன்கு காயவிட்டு, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல நீர் தெளித்துப் பார்த்தால் துளிகள் உருண்டோட வேண்டும். நீர் வற்றியதும் ஒரு கரண்டி சூரியகாந்தி எண்ணெய் விட்டுத் துண்டத்தை இடுக. ஒரு புறத்திற்கு இரண்டு நிமிடம். மேற்புறத்தை இவ்வாறு சிவக்க வைத்தால் உள்ளிருக்கும் சாறு வெளியேறாதபடி அடைபடும் என்று சொல்லுவாருண்டு. 1847இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலார் பரப்பிய எண்ணம் அது. பிற்கால ஆய்வுகள் அதனைப் பொய்யென்று காட்டிவிட்டன. சட்டியில் இடைவிடாது எழும் 'சுர்' என்ற ஓசையே சாறு வெளியேறுவதன் சான்றன்றோ! நாம் சிவக்க வைப்பது மணத்திற்காகவே.

நான்காவது, வெண்ணெய். இதனை முதலிலேயே இடலாகாது. வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கிற்குச் சற்று மேலாகவே கொழுப்பு. எஞ்சியது நீரும் பாலின் திண்பொருளும். அத்திண்பொருள் கடுஞ்சூட்டில் கருகிக் கசந்துவிடும். எனவே இருபுறமும் சிவந்தபின் நெருப்பைத் தணித்து, 30 கிராம் வெண்ணெயும், தோலுடன் நசுக்கிய மூன்று பூண்டுப் பற்களும், மூன்று நான்கு தைம் கொத்துகளும் இடுக. வெண்ணெய் உருகி நுரைக்கும்போது சட்டியை ஒருபுறமாகச் சாய்த்து, தேங்கும் வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி அள்ளித் துண்டத்தின்மேல் ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் போதும். வெண்ணெய் கொட்டையின் நிறத்திற்கு வந்து மணக்கும்.

அன்று அடுப்படியில் நின்றிருந்த உம்மா, தைம் கொத்து வெண்ணெயில் விழுந்ததும், "ஓம வாடை அடிக்குதே!" என்றார். அவருடைய நாசி பொய்க்கவில்லை. தைமின் மணத்திற்குக் காரணமான தைமால் என்ற பொருளே நம் ஓமத்திலும் மிகுந்திருக்கிறது. நம் வீட்டு முற்றங்களில் வளரும் ஓமவல்லியின் மணமும் அவ்வினத்தைச் சார்ந்ததே. வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி இடுவது நம் வழக்கம் என்பதையும் உம்மா நினைவூட்டினார். கொழுப்பில் இலையின் மணத்தை ஏற்றும் கலை இரு நாட்டிற்கும் பொதுவாயிருக்கிறது. நாம் திண்பொருளை வடித்துவிட்டு நெய்யாக வைத்துக்கொள்கிறோம். அவர்கள் அதனோடே பயன்படுத்துகிறார்கள். நம் நெய் கருகுவதற்கு மிகுந்த சூடு வேண்டுமாதலால், வெண்ணெய்க்கு அஞ்சுவோர் நெய்யையே ஊற்றலாம். ஊரில் இதனைச் செய்ய விரும்புவோர்க்கு நீலகிரியில் விளையும் தைமும் ரோஸ்மேரியும் உண்டு.

ஐந்தாவது, ஆறவிடுதல். துண்டத்தைச் சட்டியிலிருந்து எடுத்து ஐந்து நிமிடமேனும் வைத்திருத்தல் வேண்டும். வெளிப்புறச் சூடு உள்ளே சென்று நடுப்பகுதி மேலும் மூன்று நான்கு பாகை ஏறும். சாறும் சற்றுக் கெட்டிப்படும். சட்டியில் ஒட்டியிருப்பதை மதுவூற்றிக் கரைப்பது அந்நாட்டவர் வழக்கம். நமக்கு எலுமிச்சைச் சாறும் இரண்டு கரண்டி இறைச்சி வேகவைத்த நீரும் போதும். புளிப்பு வேண்டிய இடத்தில் புளிப்பு கிடைத்துவிடுகிறது.

நலம் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. முழுத் துண்டத்தில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும். கடுஞ்சூடு அவற்றை அழித்துவிடும். கொத்திய இறைச்சியிலோ மேற்புறம் முழுதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1993இல் அமெரிக்காவில் சரிவர வேகாத கொத்திறைச்சி அப்பத்தை உண்டு நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் உயிரிழந்தனர். ஆகவே கொத்திறைச்சி 71 பாகை வரை வேகவேண்டும். முழுத் துண்டத்திற்கும் 63 பாகைச் சூடும் மூன்று நிமிட ஓய்வும் வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்துறையின் அறிவுரை. கருவுற்ற பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், நோயுற்றோர்க்கும், முதியோர்க்கும் நன்கு வெந்ததையே கொடுத்தல் நலம்.

இதையெல்லாம் அறிந்தபின், ஊரில் நாம் இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைப்பது அறியாமையால் என்று எண்ணுவோர் உண்டாயின் அவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். ஐரோப்பியர் இளமாட்டை அறுத்து, உறைநிலைக்குச் சற்று மேற்பட்ட குளிரில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுகின்றனர். அதற்குள் தசையிலுள்ள நொதிகள் நாரைத் தளர்த்திவிடுகின்றன. குளிர்ப்பெட்டி இல்லாதிருந்த காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் காலையில் அறுத்தது மதியத்திற்குள் அடுப்பேற வேண்டியிருந்தது. அறுபடுவதும் பெரும்பாலும் உழைத்து முதிர்ந்த பிராணியே. அத்தசையின் உறுதியான இணைப்புநார் நெடுநேரம் மெல்ல வெந்தாலன்றிக் கரையாது. கரைந்தால் அதுவே ஆணத்திற்குக் கெட்டியும் வழவழப்பும் தரும். அத்தசையை நான்கு நிமிடம் வாட்டினால் செருப்புத் தோலாகும். இளமாட்டின் முதுகுத் துண்டத்தை மூன்று மணி நேரம் ஆணத்தில் இட்டால் சக்கையாகும். நம் மூத்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த இறைச்சிக்குரிய முறையைத் தெரிந்தே வகுத்தனர்.

இரு மனங்களுக்கும் ஏற்றவாறு சமைப்பது எவ்வாறு என்று சொல்லத் தொடங்கினேன். தலைக்கொரு துண்டம் வைப்பது அந்நாட்டு வழக்கம். சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகிய நமக்கு அது ஒட்டாது. ஆகவே எங்கள் இல்லத்தில் நான்கைந்து பேருக்கும் சேர்த்துப் பெரிய துண்டம் ஒன்றையே வாங்குகிறோம். ஒரு முனை மெலிந்தும் மறுமுனை தடித்தும் இருக்குமாறு வெட்டித் தரும்படி கடைக்காரரிடம் கேட்பேன். மெலிந்த முனை சிவப்பு சிறிதும் இன்றி வெந்துவிடும். தடித்த முனையின் நடுவே இளஞ்சிவப்பு நிற்கும். நாருக்குக் குறுக்காக மெல்லிய கீற்றுகளாக அரிந்து ஒரே தாலத்தில் பரப்பி, வெண்ணெயை மேலே ஊற்றி நடுவில் வைப்போம். அன்று உம்மா மெலிந்த முனையிலிருந்து இரண்டு கீற்றுகள் எடுத்து உண்டார், மூன்றாவதும் கேட்டார். மறுமுனைப் பக்கம் அவர் கை போகவில்லை. போக வேண்டுமென்று எவரும் சொல்லவுமில்லை.

பிள்ளைகள் இன்று தத்தம் இல்லங்களில் இதனைச் சமைக்கின்றனர். விருந்தினர் முன்னிலையில் தாலத்தை வைக்கும்போது, எந்த முனை எவ்வாறு வெந்தது என்று முதலில் சொல்லிவிட்டு, முதியவர்கள் இருந்தால் மெலிந்த முனையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள்.